ஒம்பது பார்சல்

மூணாவது நம்பரு எடுக்கல.

தாரணி போனைக் காதுல இருந்து எடுத்து சிக்னல் இருக்கான்னு பாத்தா. ரெண்டு கோடு நின்னுச்சு. கூக்கால் ஏரிக்கரையில மதகுக்குப் பக்கத்துல ஒரு பாறை கெடக்கு, அது மேல ஏறி நின்னாத்தான் அந்த ரெண்டு கோடும் வரும். ஒரு அடி தள்ளுனா அதுவும் போயிரும். மழை ஈரத்துல பாறை வேற வழுக்குது. எங்கிட்டு அசையாம நிக்கிறது?

"எடுக்கலையாடி?" அம்மா வடிவு கீழ நின்னு கேட்டா.

"ரிங் போகுது. எடுக்க மாட்டேங்குறாங்க."

"திரும்பப் போடு."

"போட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்."

ஒம்பது பார்சல். வெசாழக்கெழம வெள்ளனே மொத பஸ்ல ஏத்திவிட்டது. ஒம்பது வீட்டுக்கு ஆளுக்கு ஒரு கிலோ மலைப்பூண்டு. ஒவ்வொரு டப்பாவுலயும் மேல இருந்தது திங்கிற பூண்டு. அடியில உதிரியாக் கெடந்தது மருந்துல முக்கியெடுத்த வெதப்பூண்டு. மண்ணுல ஊன்றதுக்கு முன்னாடி அழுகல் நோய் வராம இருக்க முக்குற மருந்து அது. அதை யாரும் தின்னக்கூடாது. இன்னைக்கு சனிக்கெழம. பாதிப் பேருக்காவது பார்சல் போயிருக்கும்.

இதெல்லாம் தெரிஞ்சு இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகல. மூணு நாள் மழை காலையிலதான் வெறிச்சுச்சு. நடவுக்குப் பொம்பளையாளுக அஞ்சு பேரு வந்து காட்டுல நின்னாங்க. வடிவு கடைசித் துண்டுக் காட்டுக்கு வச்சிருந்த வெதைய எடுக்க, அடுப்புக்கு மேல இருக்குற பரண்ல ஏறுனா. சாக்கு சும்மா கெடந்துச்சு. ஏணியில நின்னபடியே, "ஏ தாரணி, இங்க பரப்பியிருந்த பூண்டு எங்கடி?"ன்னு கேட்டா. தாரணி பல் வெளக்கிக்கிட்டே, "அதான் பார்சல்ல போட்டுவிட்டேனே"ன்னா. அம்மா ஏணியில அப்படியே உக்காந்துட்டா. அப்பத்தான் தாரணிக்கு வெளங்குச்சு. வாயில இருந்த பேஸ்டைத் துப்பக்கூட இல்ல, முழுங்கிட்டா.

முழுங்குனதும் அவளுக்கு வந்த மொத நெனப்பு, இந்நேரம் யாரு எதை முழுங்கிட்டு இருக்காங்களோங்கிறதுதான்.

மாமா ஜெயமுருகன், அம்மாவோட தம்பி, உழவுக்கு வந்தவன் கலப்பைய அப்படியே போட்டுட்டு ஓடியாந்தான். சங்கதியக் கேட்டதும் அவன் முகம் செத்துப்போச்சு. ஆனா வாய் மட்டும் சாகல.

"இங்க பாரு புள்ள, மருந்துன்னு மட்டும் வாயத் தொறந்துறாத. கேஸாயிரும். ஒங்கம்மாளத்தான் தூக்கிட்டுப் போவாங்க. பார்சல் மழையில நனைஞ்சுபோச்சு, பூண்டு அழுகியிருக்கும், கொட்டிருங்க, வேற அனுப்புறேன்னு சொல்லு. முடிஞ்சது சோலி."

அப்படித்தான் மொத ரெண்டு பேருகிட்டயும் சொன்னா. கோயமுத்தூர் ரம்யா டீச்சர், "எனக்கு இன்னும் வரவே இல்லையேப்பா, வந்தா பாக்குறேன்"ன்னாங்க. திருப்பூர்க்காரரு, "சரிம்மா, வீட்டுல சொல்றேன்"னு வச்சுட்டாரு. அவ்வளவு லேசா முடிஞ்சுருச்சேன்னு தாரணிக்குக் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. மூணாவது நம்பரு வத்தலக்குண்டு கித்தேரியம்மாள். அவங்கதான் எடுக்கல.

சரி, நாலாவதப் போட்டா. மதுரைக்காரரு, ரிட்டயர்டு ஆனவரு. மாசாமாசம் வாங்குவாரு.

"அங்கிள், நான் கூக்கால்ல இருந்து தாரணி பேசுறேன். பார்சல் நனைஞ்சுபோச்சு அங்கிள். பூண்டு அழுகியிருக்கும், கீழ கொட்டிருங்க."

"அழுகலையேம்மா." அவரு சிரிச்சாரு. "நேத்தே வந்துருச்சு. நல்லாக் கல்லு கணக்கா இருக்கு. அதுலயும் அடியில உதிரி போட்டிருக்க பாரு, நம்ம வீட்டம்மாவுக்கு அதுதான் புடிச்சுப்போச்சு. பிரிக்கிற வேலை இல்லையாம். இந்தா, முன்னாடிதான் உக்காந்து உரிச்சுக்கிட்டு இருக்கா. இன்னைக்குக் கொழம்பு."

கீழ மாமா கையக் கையக் காட்டுறான், சொல்லு சொல்லுன்னு. என்னத்தச் சொல்றது? அழுகிருச்சுன்னு சொன்னா தொறந்து பாப்பாங்க. தொறந்து பாத்தா நல்லாத்தான் இருக்கும். நல்லா இருக்குறத யாரு கொட்டுவா? பாவம் மலைக்காட்டுப் புள்ள, பயந்து சொல்லுதுன்னு எடுத்துக் கொழம்பு வச்சுருவாங்க.

"அங்கிள், அது வெதப்பூண்டு. மருந்துல முக்குனது. ஆன்ட்டிய உரிக்க வேணாம்னு சொல்லுங்க. கையக் கழுவச் சொல்லுங்க. நான் தெரியாம மாத்திப் போட்டுட்டேன்."

அந்தப் பக்கம் பாத்திரம் விழுற சத்தம் கேட்டுச்சு. "ஏய், கையை எடு, கையை எடு"ன்னு அவரு கத்துறது கேட்டுச்சு. அப்புறம் போன்ல வந்து, ரொம்ப மெதுவா, "ஒனக்கெல்லாம் அறிவு இருக்கா?"ன்னு கேட்டு வச்சுட்டாரு.

மாமா தலையில அடிச்சுக்கிட்டான். "சொல்லாதன்னு சொன்னேன்ல. ஒங்கப்பன் புத்தி அப்படியே."

"அவ அப்பன் புத்தி இருந்திருந்தா இது நடந்தே இருக்காதுடா," வடிவு சொன்னா. "அந்த மனுசன் முக்குன வெதைய ஒருநாளாச்சும் வீட்டுக்குள்ள விட்டிருப்பாரா? மாட்டுக் கொட்டத்துலதான் காயும். அடுப்பங்கரைப் பக்கம் கொண்டாந்தா வெரட்டுவாரு. கொட்டம் ஒழுகுதுன்னு நான்தான் பரண்ல போட்டேன். என்னையச் சொல்லு, புள்ளையச் சொல்லாத."

அப்பா சேனாதிபதி போயி ரெண்டு வருசம் ஆச்சு. சாயங்காலம் நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாரு. கடைசி பஸ் போயிருந்துச்சு. கேரட் ஏத்துன வண்டியில மூட்டைகளுக்கு நடுவுல படுக்க வச்சுக் கொண்டுபோனாங்க. பாதி வழியிலயே எல்லாம் முடிஞ்சுபோச்சு. அந்த வருசப் பூண்ட அம்மாவும் மகளும் வடுகபட்டி மண்டிக்குக் கொண்டுபோனப்ப, அப்பா இருந்தா நிமிந்து பாக்குற கமிசன்காரரு, சாக்கைக்கூடக் குனிஞ்சு பாக்கல. பெருசப் பொறுக்கிட்டு, "இதெல்லாம் பொடிம்மா, யாரு வாங்குவா, எடுத்துட்டுப் போங்க"ன்னு பாதிக்குப் பாதி திருப்பி விட்டுட்டாரு. ரெண்டு மூட்டைப் பொடிப்பூண்ட எடுத்துக்கிட்டு மலை ஏறுனாங்க. பஸ்ஸ விட்டு எறங்குற எடத்துல வடிவு, "அடுத்த வருசம் குத்தகைக்கு விட்டுருவோம்டி"ன்னா.

அந்தப் பொடிப்பூண்டுதான் பொழப்பாச்சு. ஏரி பாக்க வந்த ஒரு குடும்பம் வாசல்ல தொங்குன பூண்டுக்கட்டப் பாத்து ரெண்டு கிலோ வாங்கிட்டுப் போச்சு. போயி போன் பண்ணுச்சு: இந்த ருசி எங்கயும் இல்ல, இன்னும் அனுப்ப முடியுமா? தாரணி அப்ப பதினொண்ணாவது. ஆன்லைன் கிளாஸுக்கு அப்பா வாங்கிக் குடுத்த போன்ல பரண்ல புகை படிஞ்ச பூண்டுக்கட்டப் படம் புடிச்சுப் போட்டா. ஒருத்தர் சொல்லி ஒருத்தர்னு ஆளு சேந்து, ஒரு வாட்ஸப் குரூப்பே ஆயிருச்சு. கொடைக்கானல்ல சாக்லேட் கடையில காலி டப்பா வாங்கியாந்தா. ஒவ்வொரு டப்பாவுக்குள்ளயும் தன் கையால ஒரு சீட்டு எழுதி வப்பா: 'மழைத் தண்ணியில வெளஞ்சது. அடுப்புப் புகையில காஞ்சது. பத்துப் பல்லப் பால்ல வேக வச்சுப் பிள்ளை பெத்தவங்களுக்குக் குடுங்க, பால் ஊறும்.' அந்தச் சீட்டுக்காகவே வாங்குறோம்னு ஒரு அக்கா மெசேஜ் போட்டுச்சு. குத்தகைப் பேச்சை அம்மா எடுக்கவே இல்ல. இந்த வருசம் பன்னெண்டாவது முடிச்ச கையோட காலேஜுக்கு ஓடாம, ஒரு வருசம் இதையே பாத்துட்டு அடுத்த வருசம் சேருறேன்னு தாரணிதான் சொன்னா.

ஒரு ஆர்டரையும் இல்லன்னு சொன்னதில்ல. அதுதான் அவளுக்குப் பெருமை. அதுதான் இப்ப வெனையாப் போச்சு.

வெசாழக்கெழம விடியக்காலம் கரன்ட் இல்ல. அம்மா பால் கறக்கப் போயிருந்தா. ஒம்பது கிலோ வேணும், கட்டுல இருந்தது ஆறுதான் தேறுச்சு. டார்ச்சத் தூக்கிப் பரண்ல அடிச்சா. சாக்குல உதிரிப்பூண்டு பரப்பிக் கெடந்துச்சு. பரண்ல இருக்குற பூண்டு திங்கிற பூண்டு. பொறந்ததுல இருந்து அப்படித்தான். ஆர்டருக்குப் பத்தலைன்னு அம்மா பிரிச்சு வச்சிருக்கான்னு நெனைச்சுக்கிட்டா. உதிரி மட்டும் இருந்தா நல்லா இருக்காதுன்னு அதை அடியில போட்டு மேல முழுப்பூண்ட அடுக்குனா. அந்த வித்தைய மண்டியில பாத்திருக்கா.

யாருகிட்டயும் சொல்லாத ஒண்ணு இருக்கு. மாமாகிட்ட சொல்லல, அம்மாகிட்டயும் சொல்லல. அந்தப் பூண்டுல வெள்ளையா ஏதோ படிஞ்சிருந்துச்சு. அடுப்புச் சாம்பலா இருக்கும்னு பாவாடையில தொடச்சா. தொடைக்கிறப்ப ஒரு வாடை வந்துச்சு. பூண்டு வாடை இல்ல, புகை வாடையும் இல்ல. மூக்கு சுருங்குச்சு. அம்மா வரட்டும், ஒரு வார்த்தை கேப்போம்னு கையில வச்சுக்கிட்டு நின்னா. வளைவுல பஸ் ஆரன் அடிச்சுச்சு. இந்த பஸ்ஸ விட்டா அடுத்தது மத்தியானம்தான், கூரியர்ல இன்னைக்கு எடுக்க மாட்டாங்க. அள்ளிப் போட்டு டேப்ப ஒட்டிட்டா.

அவ்வளவுதான். ஒரு ஆரன் சத்தம். அது மட்டும் அன்னைக்கு ஒரு நிமிசம் பிந்தி வந்திருந்தா, இன்னைக்கு அவ பாட்டுக்கு நடவுல நின்னுருப்பா.

"அடுத்ததப் போடு," வடிவு சொன்னா. "உள்ளதச் சொல்லு. என்ன வந்தாலும் வரட்டும்."

"அக்கா, நீ பேசாம இரு," மாமா குறுக்க வந்தான்.

"நீ போயி உழுடா."

"எதை ஊன்றதுக்கு உழுக? வெதையெல்லாம் கூரியர்ல போயிருச்சு."

மேட்டு மேல இருந்து குப்பம்மாள், நடவுக்கு வந்த கூட்டத்துல மூத்தவ, கூப்புட்டுக் கேட்டா: "ஏ வடிவு, வெதையும் இல்லங்குற, வேலையும் இல்லங்குற, டீத்தண்ணியாச்சும் உண்டா?"

"வீட்டுல போட்டு வச்சிருக்கு, நீங்களே ஊத்திக்கங்க மதினி."

"பரண் பக்கம் போகாம ஊத்திக்கிறோம்," குப்பம்மாள் சொன்னா. மத்தவளுக சிரிச்சாளுக. அதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுருச்சு.

தாரணி மொதல்ல பூம்பாறையில மருந்து வாங்குன கடைக்குப் போட்டா. பொட்டலமா வாங்குனது, பேரு எழுதல. கடைக்காரரு பேரச் சொன்னாரு. அதை உள்ளங்கையில பேனாவால எழுதிக்கிட்டா.

"தின்னா என்ன அண்ணே ஆகும்?"

"அதெல்லாம் ஒண்ணும் படக்குனு ஆகாதும்மா. பூச்சி மருந்து மாதிரி இல்ல இது, பூஞ்சாணத்துக்கு உள்ளது. ஆனா திங்கிறதுக்கா விக்கிறேன்? தின்னிருந்தா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. இந்தப் பேரச் சொல்லச் சொல்லு."

"சின்னப் பிள்ளைங்க, வயசானவங்கன்னா?"

"அது எனக்குத் தெரியாதும்மா," கடைக்காரரு சொன்னாரு. அப்புறம், "என் கடை பேர எங்கயும் இழுத்துராத"ன்னாரு.

அஞ்சாவது நம்பருக்காரங்க இன்னும் பிரிக்கல. ஆறாவது ஆளு கெட்ட வார்த்தையில பேசுனாரு. அவ முழுசாக் கேட்டுட்டு, "சரிங்க சார், ஆனா அந்தப் பூண்ட மட்டும் தொடாதீங்க"ன்னா. ஏழாவது ஒரு பாட்டியம்மா, காது கேக்கல. பேரன் வாங்கிப் பேசுனான், குப்பையில போடுறேன்னான். குப்பையில போட்டா மாடு திங்கும், குழி தோண்டிப் பொதைங்கன்னு சொன்னா. "பெரிய ரோதனையா இருக்கே"ன்னான். எட்டாவதுக்கும் ஒம்பதாவதுக்கும் பார்சலே போகல. மொதல்ல அழுகிருச்சுன்னு பொய் சொல்லிவச்ச ரெண்டு பேருக்கும் திரும்பப் போட்டா. திருப்பூர்க்காரரு சம்சாரம் பேசுச்சு. "அழுகலையேன்னு இப்பத்தாம்மா எடுத்து வச்சேன்"னு சொல்லி அழ ஆரம்பிச்சுருச்சு. எதுக்கு அழுதுச்சுன்னு தாரணிக்குத் தெரியல, ஆனா சேந்து அழுகை வந்துச்சு.

ரம்யா டீச்சர் எல்லாத்தையும் கேட்டாங்க.

"ஒனக்கு என்ன வயசும்மா?"

"பதினேழு மிஸ்."

"சரி. குரூப்ல எல்லாருக்கும் தெரியுற மாதிரி எழுதிப் போடு. ஒளிக்காத. அடுத்த தடவை டப்பாவுல கட்டிப் போடுற அன்னைக்கு எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு. பாத்துட்டு வாங்குறேன்."

அடுத்த தடவைன்னு ஒருத்தங்க சொன்னது அவ நெஞ்சுக்குள்ள சூடா எறங்குச்சு. குரூப்ல போட்டா. எரநூத்திச் சொச்சம் பேரு உள்ள குரூப்பு. போட்ட கொஞ்ச நேரத்துலயே பதினாலு பேரு வெளிய போயிட்டாங்க. மாமா எட்டிப் பாத்துட்டு, "பரவால்ல, வெரசாப் போறாங்க"ன்னான். அவனுக்கும் கண்ணு கலங்கித்தான் இருந்துச்சு.

எட்டுப் பேரு முடிஞ்சது. கித்தேரியம்மாள் மட்டும் பாக்கி. கூரியர் நம்பரப் போட்டுப் பாத்தா, நேத்து மத்தியானம் பன்னெண்டே முக்காலுக்கு டெலிவரி ஆயிருச்சுன்னு காட்டுச்சு. பழைய மெசேஜத் தேடி எடுத்தா. மொத தடவை வாங்குறவங்க. 'மகள் பிரசவத்துக்கு வந்திருக்கா தங்கச்சி. பால் பத்தலைங்கிறாங்க. நீ எழுதுற சீட்டப் பக்கத்து வீட்டுல காட்டுனாங்க. எனக்கும் ஒரு கிலோ அனுப்பு'ன்னு இருந்துச்சு. அதுக்குக் கீழ தாரணி ஒரு பூவும் கும்புடுற கையும் போட்டு, 'கண்டிப்பா அம்மா'ன்னு அனுப்பியிருந்தா.

அதை அம்மாகிட்டப் படிச்சுக் காட்டல.

திரும்பத் திரும்பப் போட்டா. ஏழு தடவை. எட்டு. பனி ஏரி மேல எறங்கி, எதிர்க்கரை சோலையெல்லாம் மறைஞ்சுபோச்சு. பதினோராவது தடவை போட்டு வச்ச ஒடனே போன் அடிச்சுச்சு. அவங்கதான்.

"யாருப்பா, இத்தன தடவை போட்டிருக்க?"

"அம்மா, நான் கூக்கால்ல இருந்து, பூண்டு அனுப்புன..."

"அட தாரணியா. பூண்டு வந்துருச்சும்மா. ஆண்டவர் ஒன்னைய நல்லா வப்பாரு. நேத்து சாயங்காலமே நீ எழுதுனபடிக்குப் பால்ல வேக வச்சுக் குடுத்துட்டேன். உதிரியா வேற போட்டிருந்தியா, சுளுவா இருந்துச்சு. நான் இப்ப ஆஸ்பத்திரியில நிக்கிறேன், அதான் போன எடுக்கல."

தாரணி பாறையில உக்காந்துட்டா. சிக்னல் போயிருமோன்னு படக்குனு எந்திரிச்சா.

"ஆஸ்பத்திரிக்கு எதுக்கும்மா?"

"புள்ளைக்குத்தான். ராத்திரி பூரா அழுதுக்கிட்டே கெடந்தான். பால் குடிக்க மாட்டேங்குறான், குடிச்சதக் கக்குறான். இவளுக்கும் வயித்த வலிக்குதுங்கிறா. பனி ஒத்துக்கலையோ என்னவோ. இருபத்திரெண்டு நாள் புள்ள, என்னன்னு கண்டோம்?"

பனியா இருக்கலாம். இருபத்திரெண்டு நாள் புள்ள எதுக்கும் அழும். அப்படித்தான் இருக்கணும்னு அவ மனசுக்குள்ள ஒண்ணு கெஞ்சுச்சு. பேசாம வச்சுட்டா யாருக்கும் தெரியப்போறதில்லன்னும் அதே ஒண்ணு சொல்லுச்சு. மாமா கீழ இருந்து அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தான். இந்தத் தடவை அவன் கையக் காட்டல.

"அம்மா, அது வெதைக்கு வச்சிருந்த பூண்டு. மருந்துல முக்குனது. நான் தெரியாம ஒங்களுக்கு அனுப்பிட்டேன். டாக்டர்கிட்ட ஒடனே சொல்லுங்க. மருந்துப் பேரு என் கையில எழுதியிருக்கு, நான் சொல்றேன்."

ஆஸ்பத்திரிச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. யாரோ டோக்கன் நம்பர் கூப்புடுறாங்க. எங்கயோ ஒரு புள்ள வீல்னு அழுகுது. அது அந்தப் புள்ளதானா, வேற புள்ளையான்னு தெரியல.

"கித்தேரியம்மா?"

"சிஸ்டர், சிஸ்டர்"னு அவங்க கூப்புடுற சத்தம் தூரத்துல கேட்டுச்சு. செருப்புச் சத்தம். கசகசன்னு பேச்சு. அப்புறம் வேற ஒரு பொம்பளக் குரல், அவசரமா, கோவம் இல்லாம:

"ஹலோ, யாரு பேசுறது? என்ன மருந்து?"

தாரணி உள்ளங்கைய விரிச்சா. வேர்வையில மை கொஞ்சம் கசிஞ்சிருந்துச்சு, ஆனா படிக்க முடிஞ்சது. ஒவ்வொரு எழுத்தாச் சொன்னா. நர்ஸு திருப்பிச் சொல்லிச் சரிபாத்தாங்க. அவங்க எழுதிக்கிறது தெரிஞ்சது.

"பொடியா, திரவமா?"

"பொடி. தண்ணியில கரைச்சு முக்குனது."

"எவ்வளவு பூண்டுக்கு எவ்வளவு பொடி போட்டீங்க?"

"ஒரு நிமிசம் சிஸ்டர்." போனை நெஞ்சோட அமுக்கிக்கிட்டுக் குனிஞ்சா. "அம்மா, எவ்வளவு மருந்தும்மா போட்ட? கேக்குறாங்க. சீக்கிரம்."

வடிவு மகளப் பாத்தா. அப்புறம் தம்பியப் பாத்தா.

"ஒங்கப்பாதான் அளந்து போடுவாரு," அவ சொன்னா. "எதோ ஒரு மூடியில. அந்த மூடி எதுன்னு நான் பாத்து வச்சுக்கல. நான் கையில அள்ளிப் போட்டேன்."

"எத்தன கை?"

வடிவு வலது கைய முன்னாடி நீட்டி, குழிச்சு, விரிச்சு, மறுபடியும் குழிச்சுப் பாத்தா. மழை வருது, வெரசா முடிக்கணும்னு இருட்டுல செஞ்ச வேலை. ஒரு கையா, ரெண்டா? வாளியில தண்ணி எம்புட்டு இருந்துச்சு? அவ ஒதடு எதையோ எண்ணுச்சு. பாதியில நின்னுருச்சு.

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" தாரணி நெஞ்சுக்குள்ள இருந்து குரல் கேட்டுச்சு. "டாக்டர் கேக்குறாரும்மா. எவ்வளவு போட்டீங்க?"